மதிப்பெண் ஏடு இணையத்துக்கு வந்தபின்

பள்ளி ஆசிரியரின் மேசைமீது இருக்கும் ஏடுகளுள் இரண்டு மிகப் பழமையானவை. ஒன்று வருகைப் பதிவேடு. மற்றொன்று மதிப்பெண் ஏடு. முன்னது நாள்தோறும் திறக்கப்படும். பின்னது தேர்வு முடிந்தபின் திறக்கப்பட்டு, வேலை முடிந்ததும் தலைமையாசிரியரின் அலமாரிக்குள் சென்றுவிடும். பெற்றோர் அதைக் கண்டதில்லை. அவர்கள் கண்டது அதிலிருந்து பெயர்த்தெழுதிய ஓர் அட்டையை மட்டுமே. தமிழ்நாட்டில் அதனை ‘ராங்க் கார்டு’ என்பர். பெங்களூரில் ‘மார்க்ஸ் கார்டு’ என்பது வழக்கு. தகப்பனார் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பியதும் அவருக்கும் அந்தக் கணக்குக்கும் இருந்த தொடர்பு அடுத்த தேர்வு வரை அற்றுப்போகும்.

இன்று அந்த ஏடு அலமாரியை விட்டு வெளியே வந்திருக்கிறது. ஆசிரியர் கணிப்பொறியில் ஓர் எண்ணைப் பதிந்த சற்று நேரத்தில் அது பெற்றோரின் கைப்பேசியில் தோன்றுகிறது. இணையவழி மதிப்பெண் ஏடு என்று இதனைச் சொல்லலாம். இஃது எவ்வாறு இயங்குகிறது, எங்கே தவறக்கூடும், தாய்நாட்டைவிட்டு வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதில் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மர்பி டவுனை எடுத்துக்கொள்வோம். நாக்ஸ்பேட்டை என்று முன்னாளில் வழங்கிய இப்பகுதி, ஆங்கிலேயர் காலத்துக் கண்டோன்மெண்ட் நிர்வாகத்தில் பொறியாளராகப் பணியாற்றிய மர்பி என்பாரின் பெயரைப் பின்னர்ப் பெற்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம் என மும்மொழிக்கு நடுவே வளரும் குழந்தைகள் இங்கே உள்ளனர். இத்தகைய ஒரு வீட்டில், தாயாரின் கைப்பேசிக்குப் பள்ளியிலிருந்து ஓர் எண் வந்து சேர்கிறது. ‘கணக்கு 52’ என்று இருக்கிறது. அந்த 52 எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண, ஏட்டின் அமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும். காகித ஏடாயினும் மின்னேடாயினும் உருவம் ஒன்றே. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மாணவர் பெயர்கள். மேற்புறம் இடமிருந்து வலமாகத் தேர்வுகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். காகிதத்தில் ஒரு கட்டத்தைத் திருத்தினால் அதனைச் சார்ந்த கூட்டல், சராசரி ஆகிய அனைத்தையும் கையாலேயே திருத்தியாக வேண்டும். 1978ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்ளின் என்னும் மாணவர், பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிய கணக்குப் பட்டியில் ஓர் எண் பிழைபட்டதனால் தொடர்ந்து பல எண்களை அழித்தெழுத நேர்ந்ததைக் கண்டார். எண்களைத் தாமே திருத்திக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு அப்போது தோன்றிற்று. நண்பர் பாப் பிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் ஆக்கிய ‘விசிகால்க்’ என்னும் செயலி 1979இல் விற்பனைக்கு வந்தது. இன்று பள்ளிகளில் பயன்படும் எக்செல் தாளும், 2002இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட ‘மூடில்’ முதலிய கற்பித்தற் செயலிகளில் அடங்கிய மதிப்பெண் ஏடும் அந்தப் பலகையின் வழிவந்தவையே. ஒரு கட்டம் மாறினால் அதனைச் சார்ந்த கட்டங்கள் யாவும் மாறும் என்பதே இவற்றின் உயிர்நிலை. இவற்றின் நன்மையும் ஆபத்தும் அதிலேயே அடங்கியுள்ளன.

இனி அந்த 52ஐக் காண்போம். கர்நாடகப் பள்ளிகளில் தொடர் மதிப்பீட்டு முறையில் ஓராண்டை ஆறு கூறாகப் பகுப்பது வழக்கம். வகுப்பில் நடைபெறும் சிறு மதிப்பீடுகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 15. பருவத் தேர்வுகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 20. ஆக மொத்தம் 100. தேர்வு எத்தனை மதிப்பெண்ணுக்கு நடந்தாலும் இந்த அளவுக்குச் சுருக்கியே ஏட்டில் சேர்ப்பர். முதற்பருவத்துக்கு உரியவை இரண்டு சிறு மதிப்பீடுகளும் ஒரு பருவத் தேர்வும், அதாவது 15, 15, 20, கூட்டினால் 50.

நாம் கருதும் சிறுமி முதல் மதிப்பீட்டில் 15க்கு 12 பெற்றாள் என்க. இரண்டாம் மதிப்பீட்டின்போது காய்ச்சலில் படுத்துவிட்டாள். பருவத் தேர்வில் 20க்கு 14 பெற்றாள். இரண்டாம் மதிப்பீட்டுக்குரிய கட்டத்தில் ஆசிரியர் எதனை இடுவார்? சுழியம் இட்டால் 12, 0, 14 கூட்டி 26. 50க்கு 26 என்பது நூற்றுக்கு 52. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் ஏடு அந்த மதிப்பீட்டையே கணக்கில் கொள்ளாது. 35க்கு 26 என்று வகுத்து நூற்றுக்கு 74 என்று காட்டும். குழந்தை ஒருத்தியே; அவள் எழுதியதும் அறிந்ததும் மாறவில்லை. ஆயினும் ஒரு முறையில் 52. மற்றொரு முறையில் 74. எழுபதுக்கு மேற்பட்டோர்க்கு ‘ஏ’ தரம் என்று வகுத்த பள்ளியில் அவள் ஒரு தரம் உயர்வதும் தாழ்வதும் அந்த ஒற்றைக் கட்டத்தைப் பொறுத்திருக்கிறது.

காகித ஏட்டில் இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் வேறு வகையில் இருந்தது. அங்கே ஆசிரியர் ‘வரவில்லை’ என்று எழுதுவார். கூட்டும்போது கண் அந்தச் சொல்லில் தடைப்படும். மனம் ஒரு முடிவு செய்யும். எந்திரத்துக்குத் தடை என்பதில்லை. வெற்றுக்கட்டத்தைச் சுழியமாகக் கொள் என்று ஆண்டின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் அமைத்துவிட்டால், ஆண்டு முழுதும் வகுப்பு முழுதுக்கும் அது அப்படியே கொள்ளும். ஆகவே வராமைக்கும் சுழியத்துக்கும் வேறான குறிகள் ஏட்டில் உள்ளனவா என்று பெற்றோர் கேட்பது மிகையன்று. அந்தச் சிறுமிக்குப் பின்னர் மறுதேர்வு வைத்து அவள் 11 பெற்றால் மொத்தம் 37, நூற்றுக்கு 74. மூன்று வழிகளில் மிகவும் செம்மையானது இதுவே என்பது என் எண்ணம்.

வேறொரு பிழை உண்டு. இதனைக் காகித ஏடு கனவிலும் செய்ய இயலாது. பெயர்களை அகரவரிசையில் அடுக்க விரும்பும் ஆசிரியர், பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் இடம் மாறும்; மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு நொடியில் வகுப்பிலுள்ள அனைவரும் பிறர் மதிப்பெண்ணைச் சுமந்து நிற்பர். மொத்தக் கூட்டலோ, வகுப்புச் சராசரியோ ஓர் எண்ணளவும் மாறாது. ஆகையால் மேலோட்டமாகச் சரிபார்ப்பவர் கண்ணுக்குப் பிழை புலப்படாது. பெயரோடும் மதிப்பெண்ணோடும் பிரிக்கலாகாத ஒரு சேர்க்கை எண்ணைப் பிணைத்து, அவ்வெண்ணைக் கொண்டே எல்லாவற்றையும் இணைக்கும் ஏடுகளில் இது நேராது. வெறும் தாளில் கட்டம் கட்டிப் பயன்படுத்தும் பள்ளிகளில் நேரலாம்.

எண்களை முன்பின்னாக அடித்துவிடுவது எளிய பிழை. 63 என்பது 36 ஆகிவிடும். இதற்குக் கணக்கர்கள் கையாளும் பழைய உபாயம் ஒன்றுண்டு. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் விளையும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். 63இல் 36 போக 27. விடைத்தாளிலுள்ள எண்ணுக்கும் ஏட்டிலுள்ள எண்ணுக்கும் இடையே 9, 18, 27 என்று வேறுபாடு இருந்தால், திருத்தியவர்மீது ஐயுறுமுன் விரல் தவறியதோ என்று பார்ப்பது நல்லது. 15க்கு மேற்பட்ட எண்ணை 15க்குரிய கட்டத்தில் ஏற்க மறுக்கும் ஏடுகளும் உண்டு. அத்தகையவை ஒருவகைப் பிழையை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றன. ஆனால் 12க்குப் பதில் 2 என்று இட்டால் அவையும் வாளா ஏற்றுக்கொள்ளும்.

இவையெல்லாம் சிறு பள்ளிக்குரிய சிறு பிழைகள் என்று கருதவேண்டா. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தெலங்கானாவில் இடைநிலைத் தேர்வு முடிவுகள் வெளியானபோது, ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் 99க்குப் பதிலாகச் சுழியம் பதிவாகியிருந்தது. தேர்வு எழுதியவர் எழுதவில்லை என்று காட்டப்பட்ட நிகழ்ச்சிகளும் இருந்தன. தோல்வியுற்றதாக அறிந்து உயிர்துறந்த மாணவர் பலர். அரசு ஒரு குழுவை அமைத்து விசாரித்தது; தோல்வியுற்ற மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விடைத்தாள்களைக் கட்டணமின்றி மறுமுறை சரிபார்க்க உத்தரவிட்டது. அந்த ஏப்ரலை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு கட்டத்திலுள்ள எண்ணைப் பற்றி ஆசிரியரிடம் வினவுவதைக் குறைகாணும் செயலாக எவரும் கொள்ளமாட்டார்.

பள்ளியின் உள்ளே எழுதப்படும் இந்தக் கணக்கு எத்துணைப் பெறுமதி உடையது என்பதை நம்மவர் பலர் உணர்வதில்லை. பொதுத்தேர்வு ஒன்றே பொருட்டு, மற்றவை பயிற்சிக்காக என்னும் நினைப்பு தமிழ்நாட்டில் படித்த தலைமுறையிடம் ஊறியிருக்கிறது. கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மொத்தம் 625 மதிப்பெண். முதல் மொழிக்கு 125. ஏனைய ஐந்து பாடங்களுக்கு நூறு நூறு. முதல் மொழிக்கு 25, பிறவற்றுக்கு இருபது இருபது என அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பள்ளியே வழங்கி, இணையவழியே தேர்வு வாரியத்துக்கு அனுப்புகிறது. கூட்டிப் பார்த்தால் 125 ஆகிறது. முழு மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளியின் ஏட்டிலிருந்தே செல்கிறது. தமிழையே முதல் மொழியாக எடுத்துப் படிக்க அத்தேர்வில் இடமுண்டு என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

2021ஆம் ஆண்டு இதனை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. பெருந்தொற்றினால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் கைவிடப்பட்டன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கூட்டி முடிவு வெளியிட்டனர். கர்நாடகத்தில் இரண்டாமாண்டு பி.யு.சி. மாணவர்க்கு எஸ்.எஸ்.எல்.சி.யிலிருந்து 45, முதலாமாண்டிலிருந்து 45, அகமதிப்பீட்டிலிருந்து 10 என்று கொண்டனர். என்றோ எழுதி மறந்துவிட்ட மதிப்பெண்களே கல்லூரி வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவையாயின. அதற்கு முந்திய ஆண்டு இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. தேர்வின்றி ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களை ஒரு கணிப்பு முறை திருத்தியது. 2020 ஆகஸ்டு 13ஆம் நாள் வெளியான முடிவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் தந்ததைவிடக் குறைந்திருந்தன. மாணவர் கிளர்ச்சியைக் கண்ட அரசு நான்கு நாட்களில் அம்முறையைக் கைவிட்டு ஆசிரியர் தந்த தரங்களுக்கே திரும்பியது. அங்கும் இங்கும் இறுதியில் நின்றது பள்ளியின் மதிப்பீடே.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு தொல்லையைப் பேசவேண்டும். அது பெயர்த் தொல்லை.

தமிழர் பெயரில் தகப்பனாரின் முதலெழுத்து முன்னே நிற்கும்: க. எழிலரசி. வேற்று மாநிலங்களின் படிவங்கள் முதற்பெயர், இடைப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்களைக் காட்டும். நமக்கோ குடும்பப்பெயர் என்பது இல்லை. ஓரிடத்தில் ‘க’ முன்னே, மற்றோரிடத்தில் பின்னே, வேறோரிடத்தில் அது கந்தசாமி என்று விரிந்துவிடும். அடுத்து, ழகரம். இக்காலக் கன்னட எழுத்தில் ழகரம் வழக்கொழிந்துவிட்டமையால் எழிலரசி அங்கே எளிலரசி ஆவாள். ஆங்கிலத்தில் அதே ழகரத்துக்கு ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்த்து எழுதுவார் உளர், ‘எல்’ மட்டும் எழுதுவார் உளர். முருகேசன் என்னும் பெயர் கன்னடத்தில் முருகேஷ் என்று முடிந்துவிடுவதும் கண்கூடு. பேச்சில் இவை எல்லாம் ஒரே பிள்ளை. எந்திரத்துக்கு ஒவ்வோர் எழுத்துக் கூட்டலும் ஒவ்வோர் ஆள்.

கர்நாடகப் பள்ளிக் கல்வித்துறை ‘ஸாட்ஸ்’ எனப்படும் மாணவர் பதிவு முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியெண் வழங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பானது ‘எமிஸ்’. இவற்றுக்கு மேலாக, நாடு முழுமைக்கும் பள்ளி விவரம் திரட்டும் ‘யூடைஸ் பிளஸ்’ திட்டத்தில் நிரந்தரக் கல்வி எண் என்று ஒன்றுண்டு. அண்மைக் காலத்தில் ‘அபார்’ என்னும் 12 இலக்க அடையாளமும் பெற்றோரின் இசைவு பெற்று வழங்கப்படுகிறது. அபார் எண்ணைப் பெறுவதற்குப் பள்ளிப் பதிவிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். மர்பி டவுனில் பிறந்து, சேலத்தில் பாட்டி வீட்டில் இரண்டாண்டு படித்து, மீண்டும் பெங்களூருக்கு வந்த குழந்தைக்கு மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக் கூட்டல் இருந்தால் அங்கே முட்டிக்கொள்ளும். மதிப்பெண் தொலைந்துபோகாது, ஆனால் அது இந்தக் குழந்தையுடையதுதான் என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேரும். ஆகையால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகிய மூன்றிலும் ஒரே எழுத்துக் கூட்டல் இருக்குமாறு முதல் வகுப்பிலேயே பார்த்துக்கொள்வது நன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனாதலின், ஏட்டில் வரும் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லத் தோன்றுகிறது. கன்னடத்தில் மதிப்பெண்ணை ‘அங்க’ என்பர். மதிப்பெண் பட்டியல் ‘அங்கபட்டி’. நமக்கு அங்கம் என்றால் உடலுறுப்பு. முதன்முறை காண்பவர் திகைப்பது இயல்பே. இலக்கத்தைக் குறிக்கும் வடசொல்லே அது. தரத்தை ‘ஸ்ரேணி’ என்றும், வராமையைக் ‘கைருஹாஜரி’ என்றும் எழுதியிருப்பர். மொத்தம் என்பதற்கு அவர்கள் சொல் ‘ஒட்டு’. நம்முடைய ஒட்டுமொத்தத்தில் அதுவே பாதியாக இருக்கிறது. தேர்ச்சிக்குத் ‘தேர்கடெ’ என்பர். அதன் உறவை விளக்கவேண்டியதில்லை. ‘தந்தெய ஹெசரு’ என்னும் இடத்தில் தந்தையின் பெயரை எழுத வேண்டும். இந்த ஆறேழு சொற்களை அறிந்த தாயார், பிறர் துணையின்றியே தம் குழந்தையின் அங்கபட்டியைப் படித்துவிடலாம். பிள்ளையைக் கொண்டே படிக்கச் செய்யும் வீடுகள் பல. குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை, தன் வழக்கில் தானே மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தால் தீர்ப்பு எவ்வாறிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மதிப்பும் தரமும் வெவ்வேறு என்பதையும் மறக்கலாகாது. மதிப்பெண் என்பது இத்தனைக்கு இத்தனை என்னும் கணக்கு. தரம் என்பது ஓர் எல்லைக்குள் அடங்கியவர் அனைவரையும் ஒரு பெயரால் அழைப்பது. 70 பெற்றவரும் 89 பெற்றவரும் ஒரே தரத்தில் இருக்கலாம். 69 பெற்றவரும் 70 பெற்றவரும் வெவ்வேறு தரத்தில் இருக்கலாம். சென்ற பருவத்தில் ‘ஏ’, இப்பருவத்திலும் ‘ஏ’ என்பதால் குழந்தை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. கீழே இறங்கியிருக்கவும் கூடும், ஏறியிருக்கவும் கூடும். ஏட்டைத் திறந்து எண்ணைப் பார்த்தாலன்றி அது தெரியாது.

அடுத்தது, பகிர்தல். இணையவழி ஏட்டின் தனிச்சிறப்பே இதுதான். இடர்ப்பாடும் இங்கேதான் மிகுதி. முறையான ஏட்டில் ஆசிரியர்க்கு முழு வகுப்பும் தெரியும். பெற்றோர்க்குத் தம் குழந்தையின் ஒற்றை வரி மட்டுமே தெரியும். மாணவர் பார்க்கலாம், மாற்ற இயலாது. எண்ணை எவர் எப்போது மாற்றினார், முன்பு என்ன இருந்தது என்னும் தடமும் அதில் பதிவாகும். காகிதத்தில் அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இடுவதற்கு நிகரானது இத்தடம்.

இதற்கு மாறாக, பல இடங்களில் நடப்பது யாது? முழு வகுப்பின் பட்டியலையும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிடுகின்றனர். நாற்பது பெற்றோர்க்கு நாற்பது குழந்தைகளின் மதிப்பெண்ணும் தெரிந்துவிடுகிறது. மர்பி டவுன் போன்ற நெருங்கிய தெருக்களில் அன்று மாலையே அது குழாயடியில் பேசுபொருளாகும். சிலர், பிறர் மதிப்பெண் உள்ள பத்திகளை மறைத்துவிட்டுத் தாளை அனுப்புவர். மறைத்தல் வேறு, நீக்குதல் வேறு; மறைத்ததை விரித்துக் காண்பதற்கு இரண்டு சொடுக்குகள் போதும். ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்று திறந்துவிட்ட தாள், இணைப்பு எத்தனை கைகள் மாறினாலும் திறந்தே இருக்கும். ‘எவரும் திருத்தலாம்’ என்று விட்டுவிட்டால் சொல்லவே வேண்டா.

பிறர் மதிப்பெண்ணை அறிவதில் என்ன தீங்கு, போட்டி இருந்தாலன்றோ படிப்பு வளரும் என்பார் உளர். தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது, இந்தப் போட்டி பிள்ளைகளை அழுத்துகிறது என்று கருதியே. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் காத்தல் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி என்பது பெங்களூர்வாசிகள் அறிந்து மகிழத்தக்கது. 2023இல் இயற்றப்பட்ட மின்வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களுக்குத் தனிக் காப்பு அளிக்கிறது. தரவைக் காக்கத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே மாணவர் பதிவேடுகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் சட்டம் மட்டும் பூட்டாகிவிடுவதில்லை. அங்கே எண்ணற்ற பள்ளிகளின் பதிவுகளை வைத்திருந்த ‘பவர்ஸ்கூல்’ நிறுவனத்தில், 2024 டிசம்பரில், களவுபோன ஒரு நுழைவுச்சீட்டின் வழியே புகுந்தோர் அமெரிக்க, கனடிய மாணவர்களின் விவரங்களைக் கவர்ந்து சென்றனர்.

நுழைவுச்சீட்டு என்று இங்கே சொன்னது கடவுச்சொல்லையே. நம் வீடுகளில் அதன் நிலை எப்படி? பிள்ளையின் பிறந்தநாளே கடவுச்சொல். அதுவும் பிள்ளைக்கே தெரியும். பெற்றோர்க்கென்று தந்த நுழைவைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால், ஆசிரியர் பெற்றோர்க்கு எழுதும் குறிப்பு பெற்றோரை எட்டுவதில்லை. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் தகப்பனார் இரவு வேலைக்கு அதனை எடுத்துச் சென்றுவிட்டால், தாயார்க்கு ஏடும் இல்லை, குறிப்பும் இல்லை. இத்தகைய வீடுகளுக்காகப் பழைய அட்டையையும் பள்ளிகள் தொடர்ந்து தருவது தகும். இணையம் வந்துவிட்டதென்று அட்டையை நிறுத்துவது, மின்விளக்கு வந்ததென்று சன்னலை அடைப்பது போன்றது.

மதிப்பெண்ணில் பிழை என்று கருதினால் என்ன செய்வது? பள்ளித் தேர்வாயின், விடைத்தாளை எடுத்துக்கொண்டு முதலில் பாட ஆசிரியரிடம் செல்லவேண்டும். ஏட்டின் கட்டத்தையும் விடைத்தாளின் மேற்புறத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். எந்தத் தேர்வு, எந்த நாள், ஏட்டில் என்ன, தாளில் என்ன என்று நான்கு வரியில் எழுதிக் கொடுப்பது வாய்ச்சொல்லைவிட வலிமையுடையது. எஸ்.எஸ்.எல்.சி. போன்ற பொதுத்தேர்வாயின், விடைத்தாளின் நகலைப் பெறுவதற்கும், மறுகூட்டலுக்கும், மறுமதிப்பீட்டுக்கும் கர்நாடகப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியம் இணையவழி விண்ணப்பம் ஏற்கிறது; அறிவிக்கப்படும் கெடுநாள் மிகக் குறுகியது. தாம் எழுதிய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வர் பார்வையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் உறுதி செய்திருக்கிறது. அந்த உரிமை மாநில எல்லையைப் பொறுத்ததன்று. வீட்டில் எம்மொழி பேசுகிறோம் என்பதைப் பொறுத்ததுமன்று.

ஊர் மாறும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. தனியார் பள்ளிகள் பல, ஏட்டுச் செயலியை ஒரு நிறுவனத்திடம் ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கின்றன. குத்தகை மாறினால் செயலி மாறும்; சென்ற ஆண்டின் எண்கள் பெற்றோரின் கைப்பேசியிலிருந்து ஓரிரவில் மறைந்துவிடக்கூடும். பள்ளியை விட்டு நீங்கினாலும் நுழைவு அடைபடும். தேர்வு வாரியங்கள் வழங்கும் சான்றிதழ்களை 2015இல் தொடங்கப்பட்ட ‘டிஜிலாக்கர்’ பெட்டகத்தில் பெறலாம். அதில் வழங்கும் ஆவணம் மூலச் சான்றிதழுக்கு நிகரென்று விதிகளும் கூறுகின்றன. ஆனால் ஐந்தாம் வகுப்பின் அரையாண்டு மதிப்பெண் அந்தப் பெட்டகத்தில் இராது. ஆகவே ஒவ்வோராண்டும் கோடை விடுமுறைக்கு முன், செயலியிலுள்ள ஆண்டு அறிக்கையை இறக்கி அச்சிட்டு, தலைமையாசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் பெற்று, ஸாட்ஸ் எண்ணையும் நிரந்தரக் கல்வி எண்ணையும் அதன் மேல் எழுதி, பிறப்புச் சான்றிதழுடன் ஒரே உறையில் வைத்துக்கொள்ளலாம். சேலத்திலோ, மும்பையிலோ, தில்லியிலோ புதிய பள்ளியின் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் முதலில் கேட்பது மாற்றுச் சான்றிதழை. இரண்டாவதாகக் கேட்பது அந்த உறையிலுள்ள அறிக்கையை.